கூடுதல் வேலை

கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை.
மூன்று பக்கம் சட்டம், நான்காவதில் தொகை:
பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
அதன் கீழே, எங்கள் வீட்டுப் பத்திரத்தின்மேல்
ஹவ்ரிலுக் அண்ட் சன் நிறுவனம்
பற்றுரிமை பதிந்துவிட்ட சேதி.
லீஃபர் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான்,
மீன்பிடி உரிமத்துக்கும் பல் டாக்டர் சீட்டுக்கும் நடுவே.
"இங்கேயே இருக்கட்டும்,
கோபம் ஆறிப்போகாமல்."

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.
சமையலறைத் தரையில் எலுமிச்சம்பழம் நழுவினால்
ஏரியைப் பார்த்து உருளும்.
பனி உருகிய மார்ச்சில்
அடித்தள அறைக்குள் தண்ணீர் வந்தது,
காலணி கழற்றாத விருந்தாளி மாதிரி.
கடைசித் தவணையை நிறுத்தியது நான்தான்.
காசோலையில் பெயர் எழுதி, தொகை எழுதி,
கையெழுத்து மட்டும் போடாமல்
கரண்டிகளோடு இழுப்பறையில் வைத்தேன்.

வழக்கறிஞர் மிரெய் டெலோர்முக்கு
ஆறு நிமிடத்துக்கு ஒரு கட்டணம்.
அவள் அறையில்
வானிலை பேசுவதை விட்டேன்,
தும்மலைக்கூட வாசலில் முடித்துக்கொண்டேன்.
எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே கேள்வி:
"எழுத்தில் இருக்கிறதா?"
தரையின் சாய்வு இருந்தது, படத்தோடு.
தண்ணீர் இருந்தது, தேதியோடு.
"அவர் கேட்கும் கூடுதல் வேலை?
கிழக்கு ஜன்னல், ஆறாயிரத்து இருநூறு.
நீங்கள் செய்யச் சொன்னீர்களா?"
"எந்தத் தாளிலும் இல்லை," என்றேன்.
பொய்யில்லை அது.
அவள் பேனா அதை அப்படியே குறித்துக்கொண்டது.

சமரசப் பேச்சு, கிம்லி நூலகத்தின் மாடியில்.
ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்
கழுத்துவரை பொத்தான் போட்டு வந்திருந்தார்.
நகக்கண்ணில் வேறு யார் வீட்டுப் பூச்சோ.
மகன் டானிலோ ரசீதுகளை அடுக்கினான்:
மரம், கண்ணாடி, திருகாணி,
இரண்டு ஆள் நான்கு நாள் கூலி.
நடுவர் கேட்டார்: ஜன்னலுக்கு ஒப்புதல் எங்கே?
"சுவரில்," என்றார் ஓரெஸ்ட்.
"எந்தச் சுவரில்?"
"ஜன்னலுக்கு இடப்பக்கம், இரண்டாவது சட்டத்தில்.
அன்று கையில் தாள் இல்லை.
அந்த அம்மா என் பென்சிலை வாங்கி எழுதினார்.
அப்புறம் பஞ்சு அடைத்தோம்,
பலகை அடித்தோம்,
அவர் கேட்ட நீலத்தைப் பூசினோம்."
என்னைப் பார்க்காமலே சொன்னார்.

நடுவர் சிரிக்கவில்லை.
சுவரை உடைத்துப் பார்ப்பதென்றால்
அந்தச் செலவு யாருடையது என்றார்.
இரண்டு பக்கமும் கோப்பைப் புரட்டினோம்,
பதில் அதில் இருக்கிற மாதிரி.

இரவில் லீஃபர் கேட்டான்: "எழுதினாயா?"

அக்டோபர். வீடு வெறும் விலா எலும்பாய் நின்றது.
சட்டங்களின் இடுக்கில்
ஏரிமேல் வெயில் எழுந்து
மேசை வரப்போகும் இடத்தில் விழுந்தது.
இங்கே ஒரு ஜன்னல் வேண்டும் என்றேன்.
காசு ஆகும் என்றார்.
ஆகட்டும் என்றேன்.
தட்டைப் பென்சில், நுனியெல்லாம் பல்தடம்.
அதைக் கேட்டு வாங்கியதும் நான்.
'சரி. சிக்ரூன். 14.'
ஈர மரத்தில் கரி நன்றாகப் பிடித்தது.

மறுநாள் டெலோர்மிடம் சொன்னேன்.
"இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை,"
என்றாள். பில் என்னவோ ஆறுக்குத்தான்.

ஜன்னலுக்கு முழுப் பணம்.
தண்ணீருக்கு அவர் வடிகால் தோண்ட வேண்டும்.
தரைக்கு மூவாயிரம் கழிவு.
பற்றுரிமை நீங்கியது.
வெளியே வந்தபோது
இரண்டு தரப்பும் ஏமாந்த முகத்தோடு
ஒரே வாகன நிறுத்தத்தில் சாவி தேடினோம்.

ஜூனில் தோண்ட வந்தது டானிலோ மட்டும்.
அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை.
காபி கொண்டுபோகலாமா என்று யோசித்து
யோசித்து, ஆறவிட்டேன்.
எலுமிச்சம்பழம் இன்னும் உருளுகிறது.
காலை ஆறரைக்கு வெயில்
சர்க்கரைக் கிண்ணம்வரை வருகிறது.

வேலை முடிந்ததும் ரசீது கேட்டேன்.
டானிலோ முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தான்.
கடைசி வரியில்,
'கூடுதல் வேலை: இல்லை.'
இரண்டு முறை அடிக்கோடு.